காற்று எந்தப் பக்கம்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் தேங்காய்த்திட்டில் விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். ஏலக் கூச்சல் இருக்காது. ஐஸ் உடைக்கும் சத்தம் இருக்காது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் பாக்யலட்சுமிக்கு வருஷத்தில் அதுதான் லீவு. மற்ற வருஷங்களில் கருவாடு காயவைத்தும் கல்யாணம், காதுகுத்து என்று போய்வந்தும் அந்த லீவைத் தீர்த்துவிடுவாள். இந்த வருஷம், தன்னோடு விற்கும் மூன்று பேரையும் உட்காரவைத்து, "நான் மலை பாக்கணும்டி" என்றாள்.

நான்கு பேரும் பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்தவர்கள். மலை என்றால், எப்போதோ பஸ் ஜன்னல் வழியாகச் செஞ்சிப் பாறைகளைப் பார்த்ததோடு சரி. மேலே ஏறி நின்று குளிர வேண்டும் என்பது பாக்யலட்சுமியின் ஆசை. ஏற்காடு போவதென்று முடிவாயிற்று. யார் கார் என்பதில் பேச்சே எழவில்லை. ஹேமலதா கார்தான்.

ஹேமலதாவின் அம்மாவும் பாக்யலட்சுமியும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் மீன் விற்றவர்கள். அம்மா இறந்த பிறகு ஹேமலதா அந்தப் பலகைக்கு வரவில்லை. டிராவல்ஸ் ஒன்றில் வண்டி ஓட்டச் சேர்ந்தாள். பிறகு பழைய வெள்ளைக் கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டினாள். ஆஸ்பத்திரி, ரயில்வே ஸ்டேஷன், சென்னை ஏர்போர்ட் என்று மூன்று வருஷமாக அதில்தான் அவள் பிழைப்பு. சாரம் பக்கம் அவள் குடியிருக்கும் தெருவில் அந்தக் காருக்கென்றே ஒரு வேப்பமர நிழல் உண்டு. வேறு யாரும் அங்கே வண்டி விடமாட்டார்கள்.

மே மாதக் கடைசியில் ஒரு விடியற்காலை ஐந்து பேரும் கிளம்பினார்கள். டிக்கியில் புளிசாதமும் வறுத்த நெத்திலியும். முன்சீட்டில் பாக்யலட்சுமி. பின்னால் தில்லையம்மாள், கன்னியம்மாள், சின்னப்பாப்பா. விழுப்புரம் வரைக்கும் சிரிப்பும் பேச்சுமாகப் போயிற்று. வெயில் ஏறியதும் ஏசியைப் போட்டு, நான்குவழிச் சாலையில் வேகத்தைக் கூட்டினாள் ஹேமலதா. அரசூர் தாண்டியதும் கண் தானாக இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளுக்குப் போயிற்று. நடுவில் நிற்க வேண்டிய முள் நடுவைத் தாண்டியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்கவே இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஏசியை நிறுத்தினாள். வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுவதற்குள் சிவப்பு விளக்கு எரிந்து, பானட் இடுக்கில் ஆவி கிளம்பியது.

"என்னாடி, வண்டி புகையுது" என்றாள் பாக்யலட்சுமி.

"புகை இல்ல பெரிம்மா. ஆவி. எல்லாரும் எறங்கி அந்த மரத்தாண்ட போங்க. யாரும் கிட்ட வராதீங்க."

சூடு தணியும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ரோட்டோரம் நின்றுகொண்டே இருந்தாள். கடந்து போன லாரிக்காரர்கள் கண்ணாடியை இறக்கி ஆளுக்கொரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கள் நால்வரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தார்கள். ஒருத்தியும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் ஹேமலதாவை அதிகம் வதைத்தது. "மலையத்தான் பாக்கல, மரத்தையாவது பாத்தோம்" என்று சின்னப்பாப்பா சொன்னபோது எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். பிறகு காருக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நால்வரையும் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, வண்டி ஆறியதும் தண்ணீர் ஊற்றி மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பினாள். ஊர்வரைக்கும் முள் நடுவைத் தாண்டவே இல்லை.

நெல்லித்தோப்பில் தட்சிணாமூர்த்தியின் ஒர்க்ஷாப்புக்குத்தான் அவள் எப்போதும் போவாள். நிதானமான மனிதர். எதையும் அவசரப்பட்டு மாற்றமாட்டார். மே மாதத் தொடக்கத்திலேயே ஒருமுறை சென்னை ரோட்டில் சூடு ஏறியதென்று அவள் வந்தபோது, தெர்மோஸ்டாட்டைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். இந்தமுறை ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். வாட்டர் பம்பை மாற்றினார். இன்ஜினை ஓடவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். முள் அசையாமல் நடுவில் நின்றது. ஃபேன் தானாக ஓடியது, தானாக நின்றது. திருப்தியோடு சாவியைக் கொடுத்தார்.

ஹேமலதா பைபாஸில் வேகமாக ஓட்டிப் பார்த்தாள். வில்லியனூர் தாண்டுவதற்குள் முள் ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் புருஷன் பிரேம்குமார், ஷிப்ட் முடிந்து வந்தவன், வாசலில் நின்றிருந்த காரைப் பார்த்தபடி சொன்னான். "வித்துடலாம் ஹேமா. நான் கோவத்துல சொல்லல. இந்த வெயில்ல நீ ரோட்ல நிக்கிறத நெனச்சா எனக்கு அங்க வேலையே ஓடல."

"வித்தா வாங்குறவன் ரோட்ல நிப்பான். கோளாறு இன்னான்னு தெரியாம நான் எவன் தலையிலயும் கட்டமாட்டேன்."

அவன் தலையாட்டிவிட்டு உள்ளே போனான்.

அடுத்த சில நாட்கள் அவள் வெளியூர் சவாரி எடுக்கவில்லை. ஊருக்குள் ஓட்டினாள். ஓட்டும்போதெல்லாம் முள்ளைப் பார்த்தாள். நெல்லித்தோப்பு நெரிசலில், சைக்கிளும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் சந்துகளில் ஊர்ந்து போனால் சூடு ஏறவில்லை. கடலூர் ரோட்டில் ரயில்வே கேட்டில் காத்து நின்றாலும் ஏறவில்லை. ரோடு திறந்து கிடக்கிற இடத்தில், முகத்தில் காற்று அடிக்கிற வேகத்தில் போனால் மட்டும் ஏறியது. ஏசி போட்டால் இன்னும் சீக்கிரம். மற்ற டிரைவர்கள் சொல்லும் கதையெல்லாம் இதற்கு நேர்மாறு. அவர்கள் வண்டி டிராபிக்கில் சூடாகும், ஹைவேயில் ஆறும்.

தட்சிணாமூர்த்தியிடம் போய் அப்படியே சொன்னாள். "அண்ணே, நின்னா சூடாவல. மெதுவா போனா சூடாவல. காத்து நல்லா அடிக்கிறப்பதான் ஆவுது. எனக்கு இது தலைகீழா இருக்குண்ணே."

அவர் அதைத் தள்ளிவிடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தார். "வேகமா போனா இன்ஜினுக்கு வேலை ஜாஸ்தி. உள்ள தண்ணி ஓட்டம் எங்கனா கம்மியா இருந்தா அப்படி ஆவும். ஆனா பம்ப் புதுசு, ரேடியேட்டரும் சுத்தம். மிச்சம் இருக்கறது ஹெட் கேஸ்கெட்தான். ஆயில்ல தண்ணி கலக்கல, தண்ணியில குமிழி வரல, வெள்ளைப் புகையும் இல்ல. இருந்தாலும் வேற வழி தெரியலம்மா. இன்ஜின் தலையக் கழட்டிப் பாத்துடலாம்."

"கழட்டுனா எப்ப முடியும்?"

"லேத்துக்குப் போயி வரணும். தடைக்காலம் முடிஞ்சுடும்."

தடைக்காலம் முடிந்தால் படகு கடலுக்குப் போகும், பாக்யலட்சுமி பலகைக்குப் போவாள். அடுத்த வருஷத்துக்கு யார் உத்தரவாதம்? இன்னும் ஒரு நாள் பொறுத்துக் கழற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டாள் ஹேமலதா. அவர் சரி என்றார்.

விஷயம் எப்படியோ தேங்காய்த்திட்டுக்கு எட்டியிருந்தது. மறுநாள் காலை ஹேமலதா ஒர்க்ஷாப்பில் இருந்தபோது ஷேர் ஆட்டோவிலிருந்து பாக்யலட்சுமி இறங்கி வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் எலுமிச்சம்பழம், வெற்றிலை, கற்பூரம்.

"கண்ணு பட்டிருக்குடி" என்றாள். "நாலு பொம்பளைங்க ஜம்முன்னு உக்காந்து போனா ஊரு சும்மா உடுமா? சுத்திப் போட்டா சரியாயிடும்."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒருமுறை சத்தத்தைக் கேட்போம் என்று தட்சிணாமூர்த்தி ஓடவிட்டிருந்தார். அணைக்கப் போனவரைப் பாக்யலட்சுமி தடுத்தாள். "ஓடட்டும். உசுரோட இருக்கறப்பதான் சுத்தணும்." அவர் சிரித்துவிட்டு, பானட்டை மூடி, பெட்ரோல் கேனையும் எண்ணெய்த் துணிகளையும் தூரத் தள்ளிவைத்தார். "தள்ளி நின்னே காட்டுங்கம்மா" என்றார்.

வெற்றிலைமேல் கற்பூரத்தை வைத்து ஏற்றி, காரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் பாக்யலட்சுமி. ஒரு சுற்று முடிவதற்குள் சுடர் அவள் பக்கம் சாய்ந்து அணைந்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடி அணைந்தது. ஷெட்டுக்குள் இலை அசையக் காற்று இல்லை.

"இன்னாடி இது, மூஞ்சியில அனல் அடிக்குது" என்றாள் அவள் எரிச்சலோடு.

ஹேமலதா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் அது நின்றது. மூன்றாம் தடவை ஏற்றிய கற்பூரம் நேராக நின்று எரிந்தது. பாக்யலட்சுமி பாதிச் சுற்று சுற்றியிருப்பாள், ஃபேன் மறுபடி கிளம்பியது. சுடர் காரை விட்டு விலகி, வெளியே சாய்ந்து, அணைந்தது.

"பெரிம்மா, அப்படியே நில்லுங்க."

ஹேமலதா கிட்டே போய் முன் கிரில்லுக்கு நேராக உள்ளங்கையைக் காட்டினாள். சூடான காற்று உள்ளிருந்து கையில் மோதியது.

"அண்ணே, ஃபேன் காத்த உள்ள இழுக்கணுமா, வெளிய தள்ளணுமா?"

"இழுக்கணும். முன்னாலருந்து இழுத்து ரேடியேட்டர் வழியா உள்ள." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். அவளுடைய கையைப் பார்த்தார். தன் கையையும் நீட்டினார்.

தட்சிணாமூர்த்தி பெஞ்சில் கிடந்த பழைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்து, காரின் முகத்தில் வைத்துக் கையை எடுத்தார். தாள் பறந்து அவர் காலடியில் விழுந்தது. அதே தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற இன்னொரு காருக்குப் போனார். அதன் இன்ஜினைக் கிளப்பி, ஏசியைப் போட்டு ஃபேனை ஓடவைத்து, தாளை நீட்டினார். தாள் சட்டென்று ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தும் விழவில்லை.

"இந்த ஃபேன் மோட்டார் யாரு போட்டது?" என்றார் திரும்பி.

"மார்கழியில திண்டிவனத்தாண்ட எரிஞ்சுபோச்சுண்ணே. ராத்திரி சவாரி. ரோட்டோரக் கடையில வேற மோட்டார் போட்டுக் குடுத்தாங்க."

அவர் இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறந்து, குனிந்து ஒயரைத் தேடிப் பிடித்தார். பிளக் பொருந்தாததால் இரண்டு ஒயரையும் வெட்டி முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தார். மாற்றி இணைத்திருந்தது. மோட்டார் ஓடிற்று. எதிர்த்திசையில் ஓடிற்று.

"குளிர் காலம். அதனால தெரியல" என்றாள் ஹேமலதா. ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கிக்கொண்டு வந்தது. பேச்சு வேகமாயிற்று. "நின்னா வெளிய தள்ளுற காத்தே கொஞ்சம் ஆத்திடும். மெதுவா போனாலும் சமாளிச்சிடும். வேகமா போனா எதிர்க்காத்து உள்ள வரப் பாக்குது, இது வெளிய தள்ளுது. ரெண்டும் ரேடியேட்டர்ல முட்டிக்கினு நின்னுடுது. ஏசி போட்டா ஃபேன் நிக்காம ஓடும், அதான் இன்னும் சீக்கிரம் ஏறுது. அண்ணே, அது தானா சூடாவல. நாமதான் அத மூச்சு உடாம புடிச்சி வச்சிருந்தோம்."

தட்சிணாமூர்த்தி அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்து, தலையில் கைவைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். "சுத்துதா சுத்துதான்னு பாத்தேன். எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கல. நீ அன்னிக்கே தலைகீழா இருக்குன்னு சொன்ன பாரு, அதாம்மா சரி."

"நான் வண்டியத்தான் சொன்னேன். ஃபேன்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல. அது போதும்."

ஒயரை மாற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டு இறுக்கினார். இன்ஜின் சூடேறி ஃபேன் தானாகக் கிளம்பும்வரை மூவரும் காத்திருந்தார்கள். கிளம்பிய சத்தமே வேறாக இருந்தது. ஹேமலதா தாளை நீட்டினாள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டதுபோல் அது காரின் முகத்தில் போய் அப்பிக்கொண்டது.

பாக்யலட்சுமிக்கு வேலை பாதியில் நின்றது பிடிக்கவில்லை. மிச்சமிருந்த கற்பூரத்தை ஏற்றிக் காட்டினாள். சுடர் இந்தமுறை காரைப் பார்த்துச் சாய்ந்தது. "பாத்தியா, வாங்கிக்கிச்சு" என்றாள் திருப்தியோடு. மூன்று சுற்றும் முடித்து, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைத்தாள்.

மத்தியான வெயிலில், ஏசியை முழுசாக வைத்து, ஹேமலதா பைபாஸில் பறந்தாள். பக்கத்தில் தட்சிணாமூர்த்தி ரோட்டைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வில்லியனூர் தாண்டியது. கண்டமங்கலம் தாண்டியது. முள் நடுவுக்கு ஒரு மயிரிழை கீழே, வரைந்துவைத்ததுபோல் நின்றது. திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்ப மலைக்கு?"

"நாளைக்கே போறேண்ணே."

மறுநாள் விடியற்காலை பிரேம்குமாரும் எழுந்து வந்து, டயரில் காற்றுப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தான். தேங்காய்த்திட்டில் நால்வரும் தெருமுனையிலேயே தயாராக நின்றிருந்தார்கள். பட்டுக்கரைச் சேலை, தலை நிறையப் பூ. சின்னப்பாப்பா ஒரு ஸ்வெட்டரை மடித்துக் கையில் வைத்திருந்தாள். யாரிடமோ கேட்டு வாங்கியது. அரசூர் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தி ஹேமலதாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. வேப்பமரம் வந்து, பின்னால் போயிற்று. "போயிட்டு வர்றோம்" என்று அதற்குக் கையாட்டினாள் சின்னப்பாப்பா. கார் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். ரோட்டில் கானல் நெளிந்தது. முள் அசையவில்லை. உண்மையான சோதனை இனிமேல்தான் என்று ஹேமலதாவுக்குத் தெரியும். மலையடிவாரத்தில் ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இரண்டாவது கியரில் ஏற ஆரம்பித்தாள். முதல் வளைவிலேயே கன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அலை எவ்வளவு உயரம் எழுந்தாலும் அசராதவள், பள்ளத்தைப் பார்த்ததும் முருகா முருகா என்றாள். வழியில் இரண்டு கார்கள் பானட்டைத் திறந்துபோட்டு நின்றன. ஒன்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

பாதி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மேலிருந்து இறங்கிய பஸ்ஸும் கீழிருந்து ஏறிய லாரியும் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நின்றுவிட்டன. அவற்றுக்குப் பின்னால் வரிசையாக வண்டிகள். ஹேமலதா ஏற்றத்தில் கைபிரேக் போட்டு நின்றாள். காற்று இல்லை. இன்ஜின் ஏறிவந்த சூட்டோடு முனகியது. முள் மெல்ல நகர்ந்தது. நடுவைத் தொட்டது. தாண்டியது.

பாக்யலட்சுமியும் அதைப் பார்த்துவிட்டாள். ஹேமலதாவின் தோளில் கைவைத்தாள்.

ஃபேன் கிளம்பியது. முன்பக்கத்திலிருந்து காற்றை வாரி உள்ளே இழுக்கும் அந்த ஆழமான சத்தம் கார் முழுக்கக் கேட்டது. ஹேமலதா மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்த்தாள். அது நின்றது. பிறகு, வந்த வழியே, பொறுமையாகக் கீழே இறங்கி, தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. ஃபேன் ஓய்ந்தது.

"எறங்கிடுச்சா?" என்று பின்னாலிருந்து கேட்டாள் தில்லையம்மாள்.

"எறங்கிடுச்சு பெரிம்மா."

பின்சீட்டில் மூவரும் கைதட்டினார்கள். பஸ் டிரைவர் எதற்கென்று தெரியாமல் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பஸ் நகர்ந்தது. கைபிரேக்கை விட்டு, ஒரு விரல்கடைகூடப் பின்னால் உருளாமல் காரை எடுத்தாள் ஹேமலதா. அடுத்த வளைவில் திருப்பியபோது அவளுக்குத் தன் கைகளின் மீது ஒரு கர்வம் வந்தது. அதை மறைத்துக்கொள்ள அவள் முயலவில்லை.

மேலே ஏற ஏற வெயில் மெலிந்தது. மரங்கள் ரோட்டின்மேல் குனிந்தன. ஜன்னல் வழியே வந்த காற்று முதலில் இதமாக இருந்து, பிறகு சில்லென்று ஆயிற்று. சின்னப்பாப்பா ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். ஒரு திருப்பத்தில் பாக்யலட்சுமி நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் போய்த் தடுப்புச் சுவரில் கையூன்றி நின்றாள். கீழே சேலம் நகரம் சிதறிய சிப்பிகள்போலக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய வரை கடல் இல்லை. அவள் கையில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. அதை மற்றவர்களுக்குக் காட்டினாள். ஐஸ் பெட்டியில் கைவிட்டு வரும் குளிர் அவளுக்குத் தெரியும். மேலிருந்து வந்து உடம்பை மூடும் குளிரை இப்போதுதான் பார்க்கிறாள்.

பிறகு திரும்பி ஹேமலதாவைக் கேட்டாள். "இதுக்கு மேலயும் ரோடு இருக்குதாடி?"

"இருக்கு பெரிம்மா. உச்சியில ஒரு கோயில் இருக்கு. அதுவரைக்கும் வண்டி போவும்."

"அப்ப ஏறுங்கடி எல்லாரும்."

நால்வரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். ஹேமலதா முள்ளைப் பார்க்காமலேயே முதல் கியரைப் போட்டாள்.